ஊர் பார்த்த வேதம்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி சாலையில் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் கருமத்தம்பட்டி வரும். ஒரு பக்கம் சோமனூரின் விசைத்தறிகள், இன்னொரு பக்கம் சேலம்-கொச்சி நெடுஞ்சாலை. நடுவே ஜெபமாலை மாதா கோயில். கோயிலின் மரபு தன் தொடக்கத்தை 1640 என்று சொல்கிறது. 2019-ல் ரோம் இதற்குப் பசிலிக்கா என்ற தகுதியைத் தந்தது. இடைப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. கொங்கு, கடலைப் பார்க்காத நாடு. முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் பரதவர்களுக்குக் காவல் நின்றதுபோல இங்கே யாருக்கும் எவரும் காவல் நிற்கவில்லை. மேட்டுக்காடும் கிணற்றுப் பாசனமும் வாரச்சந்தையும் குலதெய்வக் கோயிலுமாக வாழ்ந்த மக்கள் நடுவே, வெளியிலிருந்து வந்த ஒரு வழிபாடு எதைப் பற்றிக்கொண்டு வேர் பிடித்தது? பிரசங்கத்தால் என்று சொல்லிவிடுவது எளிது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. வேதக்காரர் என்று ஊரால் அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்களின் மதத்தை அக்கம்பக்கத்தார் எடைபோட்டது, அவர்கள் சாப்பிடுவதையும் உடுத்துவதையும், நோயாளியின் பக்கத்திலும் சாவு வீட்டிலும் அவர்கள் நடந்துகொள்வதையும் வைத்துத்தான். நடத்தை ஒழுங்காக இருந்த இடத்தில் வேதம் மதிப்புப் பெற்றது. நடத்தை பிசகிய இடத்தில் எத்தனை நல்ல வார்த்தையும் எடுபடவில்லை.

இதற்கு முதல் சான்று கொங்குக்கு வெளியே, மதுரையில் கிடைக்கிறது. சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1606-ல் அங்கே வந்தபோது, அவருக்கு முன்பே ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் பதினோரு ஆண்டுகளாக அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், வைத்தியம் பார்த்தார், நல்ல மனிதர் என்றும் பெயர் எடுத்தார். ஆனாலும் உள்ளூர்க்காரர் எவரும் வேதத்தில் சேரவில்லை. காரணம், அந்த மதம் பரங்கியின் மதம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அந்த முடிவுக்கு இறையியல் வாதம் எதுவும் காரணமில்லை. பரங்கி மாட்டிறைச்சி தின்றான், சாராயம் குடித்தான், குளிப்பதில்லை, குடித்துவிட்டுத் தெருவில் தகராறு செய்தான். இதுதான் ஊர் கண்ணால் பார்த்தது. நொபிலி இதைப் புரிந்துகொண்டு காவி கட்டினார், மரக்கறி உண்டார், ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். சொந்தச் சபைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, வழக்கு ரோம் வரை போனது. 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். அதே ஆண்டில் நொபிலி வடக்கே பயணம் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று கொங்கின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் பிராமண சந்நியாசியாக வாழ்பவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழக முடியாது. அந்தக் குறையைப் போக்க, 1640-ல் அதே சபையின் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமி என்ற இன்னொரு கோலத்தை எடுத்தார். சைவப் பண்டாரங்களைப் போல உடுத்தி, அவர்களைப் போலவே கிராமம் கிராமமாக நடந்து, வேளாளர் வீட்டுத் திண்ணையிலும் ஏழையின் களத்துமேட்டிலும் உட்காரக்கூடிய துறவி அவர். கருமத்தம்பட்டி தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டும் இதுவே என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த நூறாண்டுகளில் சத்தியமங்கலம், தாராபுரம், கருமத்தம்பட்டி வட்டாரங்களில் வேதம் பரவியதற்கு இந்தப் பண்டாரசுவாமிகளின் நடையே வழிபோட்டது. அவர்கள் நின்று பேசிய பேச்சு இன்று எவர் நினைவிலும் இல்லை. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மட்டும், அவர்களை எதிர்த்தவர்களும் சேர்ந்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு நியாயமாகவே வரும். இது வேஷம்தானே? ஐரோப்பியன் காவி கட்டி ஊரை ஏமாற்றியதை வாழ்க்கைச் சாட்சியம் என்று எப்படிச் சொல்வது? நொபிலியின் காலத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி இது, இன்றும் கேட்கப்படுகிறது. தான் பரங்கி இல்லை என்று நொபிலி எழுதி ஒட்டியது, சொல்லளவில் நியாயப்படுத்தக்கூடியதாக இருந்தாலும், கேட்டவர்களுக்குத் தவறான எண்ணத்தையே தந்திருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேஷம் என்பது கலைக்கக்கூடியது. இவர்கள் கலைக்கவில்லை. மண்குடிசையில் இருபது, முப்பது ஆண்டு படுத்து, கம்பும் சோளமும் தின்று, காய்ச்சல் வந்தால் ஊர் வைத்தியன் தந்த கஷாயத்தையே குடித்து, செத்தால் அதே மண்ணில் புதைக்கப்பட்ட ஒருவரை வேஷதாரி என்று சொல்வது கடினம். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு நாள் ஏமாறுவான், ஒரு வருஷம் ஏமாறுவான். ஒரு தலைமுறை முழுக்க ஏமாற மாட்டான். அந்த வாழ்க்கைக்கு உண்மையான குறை ஒன்று இருந்தது. அது வேறு இடத்தில் இருந்தது: சாதியில். அதைப் பின்னால் விரிவாகப் பார்க்க வேண்டும்.

துறவிகளைப் பற்றி மட்டும் பேசினால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். ஒரு குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் ஊரில், மற்ற நாட்களில் வேதத்தைத் தாங்கியவர் உபதேசியார். அவர் உள்ளூர்க்காரர், குடும்பஸ்தர், பெரும்பாலும் விவசாயி. ஜெபம் சொல்லிக்கொடுப்பார், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் உட்காருவார், இறந்தவரை மந்திரித்து அடக்கம் செய்வார், சண்டை போட்ட அண்ணன் தம்பிகளைக் கூட்டிவைத்துப் பேசுவார். வீரமாமுனிவர் 1727-ல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இந்த உபதேசிமாருக்காகவே எழுதப்பட்ட உரைநடை நூல். கொள்கை விளக்கத்துக்குத் தனி நூல் எழுதத் தெரிந்தவர் அவர், எழுதியும் இருக்கிறார். இருந்தும் ஊர் ஊராகத் திரிந்து வேதம் போதிக்கிறவனுக்கு அவர் தனியாகக் கொடுக்க நினைத்தது, அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான கையேடு. போதிப்பவனின் நடத்தை பிசகினால் போதனை நிற்காது என்று, தமிழ்க் கிராமங்களில் பல ஆண்டு அலைந்த ஒருவர் கண்டுகொண்டதன் விளைவு அந்த நூல்.

உபதேசியாரின் உழைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி சோதித்துப் பார்த்தது. 1759-ல் போர்த்துக்கல் சேசு சபையாரைத் துரத்தியது. 1773-ல் பாப்பரசரே அந்தச் சபையைக் கலைத்தார். புதுச்சேரியில் பாரிஸ் வேதபோதகச் சபையார் 1776-ல் பொறுப்பை ஏற்றார்கள் என்றாலும், கொங்கு போன்ற உள்நாட்டுக்கு அனுப்ப அவர்களிடம் ஆள் குறைவு. அதே காலத்தில் கொங்கு போர்க்களமாகவும் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கும் கிழக்குச் சமவெளிக்கும் நடுவே கிடக்கும் நாடு இது. ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிய ஒவ்வொரு முறையும் படைகள் இந்த வழியாகத்தான் போயின. 1768, 1783, 1790, 1791 என்று கோயம்புத்தூர்க் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. குருவானவர் இல்லை, பூசை இல்லை, கோயில் கட்டடமும் பாதுகாப்பில்லை. அந்த ஆண்டுகளில் மிஞ்சியது, மாலையில் விளக்கேற்றியதும் வீட்டார் முழங்காலிட்டுச் சொல்லும் ஜெபமாலை, வழியில் எதிர்ப்படும் பெரியவரைப் பார்த்துச் சொல்லும் தோத்திரம், பிழைக்காது என்று தெரிந்த சிசுவின் தலையில் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் ஞானஸ்நானம், பிள்ளைக்கு வைக்கும் சவரிமுத்து, அருளப்பன், ஞானப்பிரகாசி என்ற பெயர். இவற்றில் ஒன்றுக்கும் பாதிரியார் தேவையில்லை, கட்டடமும் தேவையில்லை. எல்லாமே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், தெரியும். ஒரு மதத்தின் அமைப்பு முழுவதும் குலைந்த பின்னும் அது பிழைத்திருந்தது என்றால், அது அன்றாடப் பேச்சிலும் செயலிலும் தங்கியிருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

இந்த இடைவெளியின் முடிவில் வருகிறார் ழான் அந்துவான் துபுவா. 1792-ல் இந்தியாவுக்கு வந்த இந்தப் பிரெஞ்சுக் குரு, முப்பது ஆண்டுகளைத் தென்னிந்தியக் கிராமங்களில் கழித்தார். தலைப்பாகை, நீண்ட அங்கி, கையில் கோல், சைவ உணவு என்று ஊர்ப் பெரியவரின் தோற்றத்தில் வாழ்ந்தார். கன்னடம் பேசும் பக்கத்தில் அவரை ‘தொட்ட சுவாமி’, அதாவது பெரிய சுவாமி, என்றே மக்கள் அழைத்தார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, திப்பு காலத்தில் கட்டாயத்தின் பேரில் மதம் மாறியிருந்த கிறிஸ்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் வேலை அவரிடம் வந்தது. பஞ்சமும் போரும் தின்ற குடும்பங்களுக்காக ஹாசன் பக்கத்தில் சாத்தள்ளி முதலிய இடங்களில் விவசாயக் குடியிருப்புகளை ஏற்படுத்தினார். இந்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் பெயரில் வந்த நூலை 1807 வாக்கில் கம்பெனி விலைகொடுத்து வாங்கியது. அந்த நூலின் பெரும்பகுதி அவருக்கு முந்தைய சேசு சபைத் துறவி கெர்தூவின் கைப்பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை 1980-களில் சில்வியா முர் என்ற ஆய்வாளர் நிறுவிவிட்டார். ஆகவே அந்தப் புகழ்பெற்ற நூலைத் துபுவாவின் சாட்சியமாக இங்கே கொண்டுவர முடியாது. அவர் கையால் செய்த வேலையைக் கொண்டுவரலாம்.

அந்த வேலைகளில் பெரியது அம்மை குத்தியது. ஜென்னரின் தடுப்பு மருந்து 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவில் முதன்முதலாகப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1803-லும் 1804-லும், துபுவாவின் முயற்சியால் அம்மை குத்திக்கொண்டவர்களின் பதிவான எண்ணிக்கை 25,432. இந்த எண்ணின் கனத்தை உணர வேண்டுமானால் அன்று அம்மை குத்தும் முறை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மருந்து புட்டியில் வருவதில்லை. ஒரு குழந்தையின் மேற்கையில் கத்தி நுனியால் கீறி மருந்தை வைப்பார்கள். எட்டாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம் தெளிந்த நீர் கோத்து முத்துப்போல நிற்கும். அதைக் குத்தி, கசியும் நீரைக் கத்தி நுனியில் தொட்டு, அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். அந்தக் குழந்தைக்கு எட்டு நாள், பிறகு இன்னொரு குழந்தை. சங்கிலி ஓர் இடத்தில் அறுந்தால் மருந்து செத்துவிடும். ஆகவே கொப்புளம் உள்ள பிள்ளையை ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு சாதிப் பிள்ளையின் உடம்பு நீர் இன்னொரு சாதிப் பிள்ளையின் உடம்புக்குள் போக வேண்டும். தொட்டால் தீட்டு என்றிருந்த காலம் அது. மேலும் அம்மை என்பது மாரியாத்தா வந்து இறங்குவது. வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, ஆத்தா மலையேறும் வரை காத்திருப்பதே வீட்டு வழக்கம். அந்த வழக்கத்துக்கு நடுவே, வேற்று மதத்துத் துறவி ஒருவரை நம்பித் தாய்மார்கள் பிள்ளையின் கையை நீட்டினார்கள். பிரசங்கம் கேட்டு வந்த நம்பிக்கை அல்ல இது. இந்த ஆள் நம் வாசலில் எத்தனை வருஷமாக நடக்கிறார், நம் வீட்டுச் சாவுக்கு வந்தாரா, நம் பிள்ளையைத் தூக்கினாரா என்பதை வைத்துப் பிறந்த நம்பிக்கை.

ஆனால் துபுவாவே இந்த வாதத்துக்கு எதிர்சாட்சி சொல்கிறார் என்று ஒருவர் காட்டலாம். 1823-ல் பிரான்சுக்குத் திரும்பிய கையோடு லண்டனில் அவர் வெளியிட்ட, இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்கள், மனம் வெறுத்துப்போன ஒருவரின் குரலில் இருக்கின்றன. இந்துக்களை வேதத்துக்குக் கொண்டுவருவது நடவாத காரியம், தன் முப்பதாண்டு உழைப்பு வீண் என்பது அதன் சாரம். பாளையங்கோட்டையில் கம்பெனியின் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் கோபத்தோடு ஒரு மறுப்பு நூலே எழுதினார். துபுவா சொன்னது பொய்யென்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் எதை அளந்தார் என்று கேட்க வேண்டும். அவர் எண்ணியது ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிய புதுப் பெயர்களை. அந்தக் கணக்கில் இருபத்தைந்தாயிரம் பேரின் கைத்தழும்பு வராது. இன்னொன்று, தோல்விக்கு அவரே தரும் காரணங்களில் முதன்மையானவற்றுள் ஒன்று ஐரோப்பியரின் நடத்தை. கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் குடித்தார்கள், கோயிலுக்குப் போகவில்லை, குடிமக்களை இழிவாக நடத்தினார்கள். இதைப் பார்த்த ஊர் அவர்கள் மதத்தைப் பற்றித் தன் முடிவுக்கு வந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் மதுரையில் நொபிலி கண்டதும் இதுதான். இருவருடைய அனுபவமும் ஒன்றையே சொல்கிறது: மக்கள் மதத்தைப் படிப்பதற்கு முன் மதக்காரனைப் படிக்கிறார்கள். துபுவாவின் கசப்பு இந்த வாதத்தை உடைக்கவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதி செய்கிறது.

அடுத்த மறுப்பு கொஞ்சம் கடுமையானது. சேவை என்பது தூண்டில், சோற்றுக்காக மதம் மாறியவர்களே அதிகம் என்பது. 1853-ல் கோயம்புத்தூரில் அருட்தந்தை ரவேல் தொடங்கிய காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன் வாசல்களில் கூட்டம் நின்றது. நின்றவர்களில் பலர் வேதத்தில் சேர்ந்தார்கள். பசித்தவன் சோறு போட்டவனின் கடவுளை நல்ல கடவுள் என்று நினைப்பதில் வியப்பில்லை. பசியையும் நம்பிக்கையையும் தனித்தனியே பிரித்துக் காட்ட எவராலும் முடியாது. அப்படிப் பிரிக்கச் சொல்வது பசித்தவனை அவமதிப்பது என்பது என் எண்ணம். ஆயினும் தூண்டில் என்ற விளக்கம் எல்லாவற்றையும் விளக்கவில்லை. அம்மை குத்திக்கொண்டவர்கள் மதம் மாறவில்லை. அவர்கள் மாறவேண்டும் என்று கேட்கப்படவுமில்லை. வேதத்தில் சேர்ந்தவனுக்கு அந்தக் காலத்தில் லாபத்தைவிட நஷ்டமே மிகுதி. 1850-ம் ஆண்டின் இருபத்தோராம் சட்டம் வரும் வரை, மதம் மாறியவன் குடும்பச் சொத்தில் பங்கை இழக்க நேரிடும். சட்டம் வந்த பின்னும் பங்காளிகள் வாய்க்காலையும் வழித்தடத்தையும் அடைக்கலாம். பெண் கொடுக்க ஆள் கிடைக்காது. குலதெய்வக் கோயில் நோம்பியில் இடமில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, வேதத்தில் சேர்ந்த தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையே இல்லை என்று ஆக்கியது. இன்றும் அந்த நிலை மாறவில்லை. இவ்வளவு இழப்போடு தலைமுறை தலைமுறையாக நின்றவர்களை ஒரு படி அரிசியால் விளக்கிவிட முடியாது.

இப்போது சாதிக்கு வர வேண்டும். மேலே சொன்ன நடத்தைகள் எல்லாம் வேதத்துக்கு மதிப்புத் தேடித் தந்தன என்றால், அந்த மதிப்பைக் கரைத்ததும் ஒரு நடத்தைதான். நொபிலியின் வழி உயர்சாதியாரின் வாசலைத் திறந்தபோதே, ஒடுக்கப்பட்டவர்களின் வாசலில் நேராக நுழைய முடியாதபடி குருவானவரைக் கட்டிப்போட்டது. சந்நியாசி சுவாமி பகலில் சேரிக்குப் போக முடியாது. 1703-ல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன், 1704-ல், சேரியில் சாகக் கிடக்கும் கிறிஸ்தவனின் வீட்டுக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லும். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஒரு சமரசத்தை ஏற்றார்: ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்கள். சிக்கல் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. உண்மையில் அது பிரிவினைக்கு ரோமின் முத்திரையைக் கொடுத்தது. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று கோயிலில் கேட்டவன், கோயிலின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டான் என்பதை மறப்பானா? வேதத்துக்கு வெளியே நின்று பார்த்த பக்கத்து ஊர்க்காரனும் அதைத்தான் பார்த்தான். நம் ஊரில் உள்ளதுதான் அங்கேயும் இருக்கிறது என்று அவன் சொன்னால், அவனுக்கு எந்தப் பிரசங்கம் பதில் சொல்லும்?

இந்த முரண் ஒரு மனிதரின் மனத்தில் எவ்வளவு கனத்தது என்பதைக் கருமத்தம்பட்டியே பார்த்தது. மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1813-ல் தெற்குப் பிரான்சில் பிறந்தவர். 1841-ல் பாரிஸ் வேதபோதகச் சபையில் சேர்ந்தபோது, வயோதிகராகிவிட்ட துபுவா இன்னும் அந்தச் சபையின் குருமடத்தில்தான் இருந்தார். 1842-ல் பிரெசிலாக் புதுச்சேரி வந்து, சேலம் வட்டாரத்தில் பணிபுரிந்து, குருமடத் தலைவராகவும் இருந்தார். கோயம்புத்தூரைப் புதுச்சேரியிலிருந்து தனியாகப் பிரித்தபோது அதன் முதல் தலைவரானார். அவருடைய ஆயர் பட்டாபிஷேகம் 1846 அக்டோபர் 4-ம் தேதி கருமத்தம்பட்டியில் நடந்தது. அன்று அக்டோபரின் முதல் ஞாயிறு, ஜெபமாலை மாதா திருநாள். இன்று கோவை மறைமாவட்டமாக இருப்பதன் தலைமையிடம் அன்று இந்தக் கிராமம்தான். குருமடத்தையும் அவர் இங்கேயே நடத்தினார். அவருடைய பிடிவாதம் ஒன்றே: இந்த மண்ணில் பிறந்தவர்கள் குருவாக வேண்டும், ஐரோப்பியக் குருவுக்குச் சமமாக உட்கார வேண்டும், ஒரு நாள் அவர்களே ஆயராகவும் வேண்டும். சமத்துவத்தைப் போதித்துக்கொண்டு, ஒரே கோயிலில் பூசை செய்யும் இரண்டு குருக்களில் ஒருவரை அவர் நிறத்தால் கீழே வைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. உடன் உழைத்த ஐரோப்பியர் பலர் அவரோடு ஒத்துப்போகவில்லை. சாதி வழக்கங்களில் எதை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது என்ற குழப்பமும் அவர் மனச்சாட்சியைத் தின்றது. ரோமிடமிருந்து தெளிவான விடை வரவில்லை. 1855-ல் பதவியை விட்டார்.

அதே சமயத்தில் புரொட்டஸ்டன்ட் மிஷன்கள் இதே கேள்விக்கு நேர் எதிரான விடையைக் கண்டிருந்தன. கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் 1830 முதல் இயங்கியது. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தது. விட்டதற்கு அடையாளம், எந்தச் சாதியார் சமைத்ததையும் எல்லாரோடும் அமர்ந்து உண்பது. சோதனை வாய்ச்சொல்லில் இல்லை, இலையில் இருந்தது. அது சரியான இடத்தில் வைக்கப்பட்ட சோதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டளையாக வந்த பந்தி, வீட்டுக்கு வந்த பின் தொடரவில்லை. மாநாடு முடிந்து பல தலைமுறைகள் ஆன பின்பும் அந்தச் சபைகளிலும் கல்யாணம் சாதிக்குள்ளேயே நடக்கிறது. கத்தோலிக்கர் காத்திருந்து இழந்ததைப் புரொட்டஸ்டன்டார் அவசரப்பட்டு முழுதாகப் பெறவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் பிரெசிலாக்கின் வழியே ஆழமானது என்று தோன்றுகிறது: அவர் சாதாரண விசுவாசியிடம் கேட்பதற்கு முன் குருக்களிடம், அதாவது தம் போன்றோரிடம், அந்த மாற்றத்தைக் கேட்டார். பிரான்சுக்குத் திரும்பிய அவர் 1856 டிசம்பர் 8-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதகச் சபையை நிறுவினார். அங்கேயும் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே குறிக்கோள். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கரையிறங்கினார். ஊரே மஞ்சள் காய்ச்சலில் கிடந்தது. ஊரை விட்டுப் போகாமல் தங்கி, ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று இறந்தார். வயது நாற்பத்தைந்து. கருமத்தம்பட்டியில் கைகூடாதது ஆப்பிரிக்காவுக்குப் போனது.

கொங்கில் அது கைகூட இன்னும் காலம் பிடித்தது. பிரெசிலாக் ஆயரான ஆண்டிலிருந்து தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்து, 1940-ல், உபகாரசாமி பெர்னதோத் கோயம்புத்தூரின் முதல் இந்திய ஆயரானார். நிறத்தின் கேள்விக்கு விடை கிடைத்தது. சாதியின் கேள்விக்குக் கிடைக்கவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். அங்கேயும் கோயில் ஜெபமாலை மாதாவின் கோயில்தான். பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், தேர் எந்தத் தெருவுக்கு வரும் என்பவை அந்தச் சண்டையின் நெடுநாள் வேர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களைப் பிரிக்கும் சுவர் பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட விஷயம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, தீண்டாமை திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. துர்னோனின் ஆணைக்கும் இதற்கும் நடுவே முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்.

இதைச் சொல்வதால் நொபிலியும் தா கோஸ்தாவும் துபுவாவும் பெயர் தெரியாத உபதேசிமாரும் செய்தது பொய்யாகிவிடாது. அவர்களுடைய வாழ்க்கையைப் பார்த்து நம்பியவர்கள் ஏமாளிகளும் அல்லர். ஊர் எந்தக் கண்ணால் அவர்களுடைய நல்லதைப் பார்த்ததோ, அதே கண்ணால்தான் கெட்டதையும் பார்த்தது. ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்ல முடியாது. கருமத்தம்பட்டிக் கோயில் பசிலிக்காவாகிவிட்டது. ஒவ்வோர் அக்டோபரிலும் தேர்நோம்பிக்கு வரும் கூட்டத்தில் வேதக்காரர் அல்லாதவர்களும் மெழுகுவர்த்தியோடும் நேர்ச்சையோடும் வருகிறார்கள். பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள், வாசகம் வாசிக்க யார் மேடையேறுகிறார்கள், அன்னதானப் பந்தியில் யார் பரிமாறுகிறார்கள், தேர் எந்தத் தெரு வரை போய்த் திரும்புகிறது என்பதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.